அம்மனுக்குச் செதில் குடை

குடையா, கயிறா என்பதுதான் அன்றைக்கு ஊர் முன்னால் இருந்த கேள்வி. இரண்டுக்கும் சேர்த்து ஊர்ப் பணம் பற்றாது. எங்கள் குப்பத்துக்குப் பொதுவாக ஒரு பெரிய வலை உண்டு. கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுப்பது. அதன் கயிறு நைந்து, இழுக்கும்போது நார் நாராகக் கையோடு வந்துகொண்டிருந்தது. அம்மனின் குடையோ முந்தின மழையில் கிழிந்து, அதற்குள் எலி குடும்பம் நடத்தி, கடைசியில் பூசாரியே அதை எரித்துவிட்டார். புதுக் குடை வேண்டுமென்றால் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்தெருவில் இருக்கும் குடைக்காரரிடம்தான் போக வேண்டும். அவர் பட்டும் சரிகையும் வைத்துத் தைப்பார். விலையையும் பட்டும் சரிகையுமாகத்தான் சொல்வார்.

படகுகளை ஏற்றி வைத்திருந்த மணல்மேட்டில் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவர் ஒரு துரும்பால் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"கயிறு இல்லாம வல இல்ல. வல இல்லாம சோறு இல்ல. அம்மனுக்கு அது தெரியாதா இன்னா?"

யாரும் மறுக்கவில்லை. ஆனால் திருவிழா ஊர்வலம் ஏரிக்கரை வழியாகப் பக்கத்து ஊரான கோட்டைக்குப்பத்து எல்லைவரை போய்த் திரும்பும். அங்கே அவர்கள் ஊரே திரண்டு நிற்கும். அவர்கள் முன்னால் எங்கள் அம்மன் வெறும் வெயிலில் போவதை நினைத்து ஒவ்வொருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

"குடைய நான் செய்யறேன். ஊர்ப் பணத்துல ஒரு துட்டு கூட வேணாம்."

முதலில் சிரித்தவர் என் நைனா. அவர் சிரித்தால் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்த மாதிரி. சிரிப்பு படகுக்குப் படகு தாவிக்கொண்டு போயிற்று.

சிரித்ததில் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் கோட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சில வருஷம் படித்தவன். எழுத்து வந்தது, கணக்கு வந்தது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது மட்டும் வரவில்லை. படகில் போனால் அலையை விட்டுவிட்டுத் துடுப்பின் வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இருந்தால் எதையாவது பிரித்துப் பூட்டுவேன். சிரட்டையில் ஓட்டை போட்டு நாழிகை பார்க்க ஒன்று செய்தேன்; ஓட்டை பெரிதாகப் போய், அது நாழிகைக்கு முன்னால் ஓடியது. காற்றில் தானாகச் சுற்றிக் கருவாட்டிலிருந்து காக்கை விரட்டும் பனையோலைச் சக்கரம் ஒன்று செய்தேன். காக்கைகள் அதன்மேல் உட்கார்ந்து சுற்றின. ஆரம்பித்ததை முடிக்காமல் அடுத்ததுக்கு ஓடுவேன் என்று ஊரில் எனக்குப் பெயர்.

சிரிப்பு அடங்கியதும் நைனா என்னைப் பார்த்தார்.

"சரி. பண்ணு. ஊர்வலம் போய்த் திரும்பி வர்ற வரிக்கும் உன் குடை அம்மன் தலை மேல நின்னுதுன்னா, அப்புறம் நான் உன்னைப் படகுக்குக் கூப்புட மாட்டேன். இப்புடியே எதனா பண்ணிப் பொழச்சிக்கோ. நடுவுல கவுந்துச்சின்னா மறுநாள் காலைல என் எதிர்ல துடுப்புப் புடிச்சிகினு குந்தணும். அதுக்கப்புறம் சக்கரம், சிரட்டைன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. இன்னா சொல்ற?"

ஊர் முன்னால் கேட்டுவிட்டார். நானும் ஊர் முன்னாலேயே "சரி நைனா" என்றேன். ஊர்த் தலைவர் துரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். "அப்ப கயிறு வாங்கிடலாம்" என்றார். அவருக்கு அவர் கவலை.

பள்ளிக்கூடத்துக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது கழித்தல். அன்று சாயங்காலம் ஈர மணலில் உட்கார்ந்து, ஒரு குடைக்கு என்னென்ன வேண்டும் என்று விரலால் எழுதினேன். பக்கத்திலேயே, காசு கொடுக்காமல் அது எங்கே கிடக்கிறது என்றும் எழுதினேன். காசு கொடுத்தே ஆக வேண்டியதை எல்லாம் அடித்துவிட்டேன். அலை வந்து மிச்சத்தையும் அழித்தது. ஆனால் அதற்குள் எனக்கு மனப்பாடம்.

காம்புக்கு ஒடிந்த துடுப்பு ஒன்று போதும். எங்கள் கூரை இடுக்கிலேயே செருகியிருந்தது. விலாவுக்கு மூங்கில். இறாலை மடக்க ஏரியில் நடுகிற மூங்கில் தட்டிகளில் ஒவ்வொரு பருவமும் சில பிய்ந்து கரை ஒதுங்கும். உப்புத் தண்ணீரில் ஊறின மூங்கிலைப் பூச்சி அரிக்காது. குடைக்காரரிடம் கூட அப்படிப்பட்ட மூங்கில் இருக்காது என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அக்காவுக்கு இதே ஊரில் அடுத்த வரிசையில் வீடு. என் வேலையைப் பார்க்க வருகிறவள் போல வந்து, வேடிக்கை பார்ப்பாள், பிறகு கையிலிருந்து பிடுங்கி அவளே செய்வாள். நான் முதல் தடவை விலாக்களை வளைத்துக் கட்டி நிறுத்தினபோது இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மனுக்கா இது? நான் கோழிய மூடத்தான் பண்றியோன்னு பாத்தேன்."

பிரித்துவிட்டு மறுபடி கட்டினேன். இந்தத் தடவை அவள் பிடித்துக்கொண்டாள்.

துணிக்கு, கிடங்குக்காரம்மா. கோட்டைக்குள் ஒல்லாந்தருடைய கிடங்குகளைப் பெருக்குகிறவள். பழவேற்காட்டில் என் அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குவாள். சென்னாக்குனி என்றால் அவளுக்கு உயிர். அந்தப் பொடி இறால் காய்ந்ததைக் கூடையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், அம்மாவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டேன்.

"மூட்ட பிரிக்கறப்ப மேல சுத்தின துணி கிழியுமே, அத்த எல்லாம் இன்னா பண்றீங்க?"

"தர தொடைக்கறோம். ஏன், உனக்கு வேட்டி வேணுமா?"

"அம்மனுக்குக் குடை தைக்கறேன்."

அவள் கூடையிலிருந்து கையை எடுத்தாள். "அம்மனுக்கா? அப்ப நல்லதா பாத்து எடுத்தாறேன். ஆனா தம்பி, அம்மனுக்குன்னு சொல்லிட்டு குனியில கை வெச்சிடாத. ஒரு படி வேணும்."

"அரப் படி" என்றாள் என் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"அம்மன் பாத்துகினு கீறா."

"பாக்கட்டும். அவளுக்கும் வெல தெரியும்."

முக்கால் படிக்கு முடிந்தது. முரட்டுத் துணி. கப்பலில் போகிற நல்ல துணிக்குச் சட்டை போட்ட மாதிரி மேலே சுற்றுவது. அது சாக்குக்கும் வேட்டிக்கும் நடுவில் ஒரு நிறமாக இருந்தது. சாயம் வேண்டும். சாயக்காரத் தெருவில் சிவப்பு ஏற்றக் கேட்கிற கூலிக்கு வெள்ளைக் குடையே வாங்கிவிடலாம். ஆனால் எங்கள் ஊரிலேயே ஒரு சாயப்பானை இருக்கிறது. யாரும் அதைச் சாயம் என்று நினைப்பதில்லை. வலை இற்றுப்போகாமலிருக்க ஆவாரம்பட்டையைக் கொதிக்கவைத்து அதில் முக்கி எடுப்பார்கள். வலைகள் எல்லாம் முங்கி எழுந்த பிறகு, பானையைக் கவிழ்க்கப் போகிற நேரத்தில் ஓடி நின்றேன். அந்தக் கடைசித் தண்ணீரில் துணியைப் போட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு கொஞ்சம் கரைத்து ஊற்றியதும் பழுப்பு மெல்லச் சிவந்தது. குங்குமச் சிவப்பு இல்லை. காய்ந்த மிளகாய்ச் சிவப்பு. எனக்கு அதுவே பிடித்தது.

குஞ்சத்துக்குப் பழைய வலை நூல். உச்சிக் கலசத்துக்குப் பித்தளைக்கு எங்கே போவது. வலையின் மிதப்புக் கட்டையில் ஒன்றை எடுத்துச் சீவி வழவழப்பாக்கினேன். எல்லாம் சேர்ந்தது. ஆனால் சரிகை இல்லாமல் அது குடை மாதிரி இருந்ததே தவிர, அம்மன் குடை மாதிரி இல்லை. அதில் மினுக்கு இல்லை.

மினுக்கு காலுக்குக் கீழே கிடந்தது. ஒரு நாள் காலை, கரையில் பெண்கள் கொடுவா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வளர்ந்த கொடுவாவின் செதில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கும். கத்தி போகப் போக அவை தெறித்து மணலில் விழுந்தன. வெயில் ஏறியதும் அந்த இடம் முழுக்க யாரோ காசைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அன்றுதான் குனிந்தேன்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் முடிவு செய்தார்கள். கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "செதில் இருந்தா குடுங்க" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். புளித்தண்ணீரில் கழுவி, பாயில் உலர்த்தினேன். பாதியை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டேன். அவை தங்கமாக வந்தன, மற்றவை வெள்ளி. நன்றாகக் காய்ந்த பிறகு ஊசி குத்தினால் நொறுங்கும், ஈரம் லேசாக இருக்கும்போதே குத்திவிட வேண்டும் என்பதை ஒரு பாய் செதில் நொறுங்கியபின் கண்டுபிடித்தேன். அக்கா விளிம்புக்குத் தங்கமும் நடுவுக்கு வெள்ளியுமாகத் தைத்தாள். தைத்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் ஒரு மூக்குத்தி வாங்கித் தரல. நீ பாரு, அம்மனுக்கு அள்ளிக் கொட்டற" என்றாள்.

துணியை விலாவில் ஒட்டப் பசை வேண்டும். தச்சர்கள் வாங்குகிற வச்சிரப் பசைக்கு விலை உண்டு. பெரிய மீனின் வயிற்றுக்குள் காற்றடைத்த ஒரு பை இருக்கும். அதைக் காயவைத்துக் காய்ச்சினால் பிசின் ஆகும் என்று எங்கள் ஊரில் படகு ஓட்டை அடைக்கிறவர்களுக்குத் தெரியும். காய்ச்சினேன். முதல் பானை தீய்ந்தது. இரண்டாவதில் கரண்டி மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

"சோத்துப் பானைல ஏண்டா காச்சற?" என்றாள் அம்மா.

"வேற பானை வாங்கணும்னா துட்டு ஆவும்மா."

"இந்தப் பானைய வாங்க எனக்கு சும்மாவா குடுத்தான்?"

மூன்றாவது தடவை தேன் மாதிரி வந்தது. ஒட்டினால் ஒட்டினதுதான். குடை எழுந்து நின்றது. வீட்டு நடுவில் அதைப் பிடித்துச் சுற்றியபோது, கூரை ஓட்டைகள் வழியாக வந்த வெயில் செதில்களில் பட்டு, சுவரெல்லாம் ஏரித் தண்ணீர் ஆடியது. நைனா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வருவதற்கு முன்னால் கால் மணலைத் தட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வாசலில் பூனைகள் உட்கார்ந்திருந்தன. எங்கள் வீட்டில் அது புதிதில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், பாக்கி சென்னாக்குனியை வாங்கிப் போகக் கிடங்குக்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். குடையைக் காட்ட நான் துடித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். நுழைந்த வேகத்திலேயே புடவைத் தலைப்பை மூக்கில் வைத்தாள்.

"இன்னா தம்பி, உள்ள எதனா செத்துக் கெடக்குதா?"

"இல்லியே."

அவள் குடையைச் சுற்றி வந்தாள். கிட்டே போனாள், விலகினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பாலா வாசனையாலா தெரியவில்லை. "அழகா கீது. மெய்யாலுமே அழகா கீது. ஆனா கருவாட்டுக் கடைய தூக்கித் தலை மேல வெச்சா மாதிரி நாறுது."

நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அம்மா மோந்து பார்த்தாள். அக்கா பார்த்தாள். "துணி வாசனைதான் வருது" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் குடைக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்பதுபோல் தலையாட்டினார்கள். ஊர்த் தலைவரே வந்து கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "நல்லாத்தானே கீது?" என்றார்.

"நீங்க மோந்து பாத்து ஆவுமா?" என்றாள் கிடங்குக்காரம்மா. "உங்க மூக்கு இதுலயே பொறந்து இதுலயே வளந்த மூக்கு. பூசாரி பழவேற்காட்டுக்காரரு. வெரதம் இருந்துகினு வருவாரு. இதுக்குக் கீழதானே அவர் நடக்கணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணலில் எழுதினதை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மூங்கில் இறால் தட்டி. துணி வலைப் பானையில் ஊறினது. குஞ்சம் வலை. கலசம் மிதப்புக் கட்டை. பசை மீன், மினுக்கு மீன். காம்பு துடுப்பு. மீன் தொடாத பொருள் என்று அந்தக் குடையில் ஊசி போன ஓட்டை மட்டும்தான் இருந்தது. காசு மிச்சம் பிடிப்பதில் இருந்த கண், மூக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. வேறு எந்த ஊர்க்காரன் செய்திருந்தாலும் பாதி வேலையிலேயே தெரிந்திருக்கும்.

வாசனையோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊரில் மீன் சமைக்கக்கூடாது, படகும் இறங்காது. சட்டிகளைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். அப்படிப்பட்ட நாளில் செதிலும் மீன் பிசினுமாக ஒரு குடையா என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் ஊர்த் தலைவரைப் பார்த்தார்கள். நைனா தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை.

ஊர்த் தலைவர் மோவாயைத் தடவினார். "அவ நம்ம அம்மன். நாம குடுக்கற தேங்காலேந்து புடவ வரிக்கும் மீன்ல வந்த துட்டுதானே? வெரதம்னா திங்கக்கூடாது. அவ்ளோதான். குடையத் தின்னப் போறது யாரு?"

அது தீர்ப்பாயிற்று. மிச்சம் வாசனை மட்டும்.

கிடங்குக்காரம்மா இன்னமும் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தாள். எதற்காக அப்படியே நிற்கிறாள் என்று யோசித்தேன். அந்தத் தலைப்பில் ஒரு வாசனை இருந்தது. அவள் எப்போது வந்தாலும் கூடவே வருகிற வாசனை. எங்கள் மூக்குக்கும் எட்டுகிற வாசனை.

"உங்க புடவைல அது இன்னா வாசனை?"

"கிராம்பு. கப்பல்ல வருதே, அந்தக் கிடங்கப் பெருக்கறேன். எத்தினி தபா தொவச்சாலும் போவ மாட்டேங்குது."

"அந்தக் கோணியெல்லாம்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கிராம்பில் ஒன்றைத் தொட்டாலும் கையை ஒடித்துவிடுவார்கள் என்றாள். கிராம்பு வேண்டாம், காலிக் கோணி போதும் என்றேன். காலிக் கோணிகளை உதறி அலசித் திருப்பித் தருவது அவள் வேலைதான். குனிந்து குனிந்து இடுப்பு போகிறது என்று எப்போதும் அம்மாவிடம் அலுத்துக்கொள்வாள்.

"நான் அலசித் தர்றேன். அதுக்கு முன்ன எங்க வீட்ல கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

"அத்தினியும் நீயே அலசுவியா?"

"அத்தினியும்."

"அப்ப எனக்கு இன்னா நஷ்டம்?" என்றாள்.

காப்புக் கட்டின நாளிலிருந்து ஊர்வலத்துக்கு முந்தின சாயங்காலம் வரை அந்தக் குடை கிராம்புக் கோணிகளுக்குள் ஒரு பெரிய மூட்டையாகக் கட்டுண்டு கிடந்தது. வீட்டில் எல்லோரும் தும்மினோம். பூனைகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. அதைப் பார்த்துத்தான் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நான் கோணிகளை ஏரியில் அலசினேன். கைத்தோல் உரிந்தது. ஆனால் துட்டு ஒன்றும் போகவில்லை என்பதால் சந்தோஷமாகவே அலசினேன்.

ஊர்வலத்தன்று பூசாரி வந்து குடைக்கடியில் நின்றார். மூச்சை இழுத்தார். எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"கிராம்பா?" என்றார். "பெரிய எடத்துக் குடையோ?"

"ஆமாங்க" என்றாள் அக்கா, முகத்தை மாற்றாமல்.

குடையை நானே பிடித்தேன். பூசாரி கரகத்தோடு முன்னால். அவருக்குப் பின்னால் அம்மன், தோள்களில். இருவர்மேலும் நிழல் விழும்படி நான் பக்கத்தில். முன்னால் மேளம். அம்மன் தூக்குகிறவர்களில் நைனாவும் ஒருவர். ஏரிக்கரையில் காற்று அடங்கி, வெயில் நேராக இறங்கியது. அந்த வெயிலுக்காகவே செய்த குடை. கோட்டைக்குப்பத்து எல்லையில் நின்றவர்கள் முதலில் அம்மனைப் பார்த்தார்கள், பிறகு குடையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு பெண் மேலே கையைக் காட்டினாள். செம்பருந்து ஒன்று, வெள்ளைக் கழுத்தோடு, எங்களுக்கு நேர்மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"கருடன்" என்றார் பூசாரி. மேளக்காரர்கள் அடியை மாற்றினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அம்மனுக்குக் கருடன் குடைபிடிக்கிறது என்று யாரோ சொல்வது கேட்டது. நான் மட்டும் அந்தப் பறவையின் கழுத்தைப் பார்த்தேன். அது அம்மனைப் பார்க்கவில்லை. கிராம்பு வாசனையெல்லாம் மனிதருக்கும் பூனைக்கும்தான். பருந்து மூக்கால் தேடுவதில்லை. ஏரி முழுக்கப் படகு இறங்காத நாள். மேலேயிருந்து பார்த்தால் கீழே நகர்ந்து போகிற ஒரே ஒரு மீன் கூட்டம் என் குடைதான்.

அது சிறகை மடக்கி விழுந்தது. காம்பு என் கையில் ஒரு குலுக்குக் குலுங்கியது. விளிம்புத் தங்கத்தில் ஒரு கொத்தும் குஞ்சத்தில் ஒன்றும் அதன் காலோடு போயிற்று. குலவை இன்னும் உரக்க எழுந்தது. அம்மன் கொடுத்தாள், கருடன் வாங்கிக்கொண்டது என்று ஆயிற்று.

ஊர்த் தலைவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். "குடையத் தின்ன ஆள் வந்துடுச்சிடா" என்று மெதுவாகச் சொன்னார்.

ஒன்றோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பும் வழியில் காக்கைகள் வந்தன, ஏரிப் பறவைகள் வந்தன. ஒவ்வொரு இறக்கை அடிக்கும் குடை சாய்ந்தது. ஒரு விலா உடைந்து துணி தொங்கியது. காம்பை மார்போடு அணைத்துப் பிடித்தேன். ஊர் எல்லை இன்னும் தூரத்தில் இருந்தது. அடுத்த அடியில் கவிழ்ந்துவிடும் என்று நினைத்தபோது பக்கத்தில் ஒரு துண்டு விர்ரென்று சுழன்றது. நைனா. தோளை அக்கா வீட்டுக்காரரிடம் மாற்றிவிட்டு வந்திருந்தார். நடந்துகொண்டே, மேலே பார்த்துக்கொண்டே, துண்டைச் சுழற்றிப் பறவைகளை விரட்டினார்.

"கருடன வெரட்டாதப்பா, பாவம்" என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி.

"கருடன் அப்பவே பூட்சி. இது காக்கா" என்றார் நைனா.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குடை கவிழ்ந்தால் அவருக்கு ஒரு துடுப்புக்காரன் கிடைப்பான். அதை நான் நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். கோயில் வாசலில் அம்மன் இறங்குகிறவரை அவர் கை நிற்கவில்லை. குடையும் நின்றது. ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, பாதி செதில் போய், ஆனால் அம்மன் தலைக்கு மேலேயே நின்றது.

"நின்னுச்சி" என்றார் நைனா, துண்டைப் பிழிந்துகொண்டே. அவ்வளவுதான் தீர்ப்பு.

சில நாளில் கோட்டைக்குப்பத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அம்மனுக்கும் ஒரு குடை வேண்டும். என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். அவர்களுக்குத் துணியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ கவலை இல்லை. "கருடன் வரணும்" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அது தனி வேல. கொஞ்சம் கூட ஆவும்" என்றாள்.

மறுநாள் காலை கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். மணலில் ஒரு செதில்கூட இல்லை. பெண்கள் ஒவ்வொருவரும் மடியில் சட்டி வைத்து, செதிலை அதில் விழவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா வெல குடுப்ப?" என்றாள் முதலாமவள்.

"நேத்து வரிக்கும் சும்மாதானே குடுத்தீங்க?"

"நேத்து வரிக்கும் அது குப்ப."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். அவளும் அடுப்புக்குப் பின்னால் ஒரு சட்டி நிறையச் செதில் வைத்திருந்தாள். மகன் என்பதால் குறைத்துத் தருவதாகச் சொன்னாள். அன்று ராத்திரி சோற்றில் கைவைத்துக்கொண்டு கழித்தல் போட்டேன். காசு கொடுக்காமல் செதில் கிடைக்க இந்த ஊரில் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. படகில் போகிறவனுக்குப் பங்கு மீன் உண்டு. பங்கு மீனின் செதிலும் அவனுக்குத்தான்.

விடியும் முன் கரைக்குப் போனேன். நைனா படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். கூப்பிட மாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னவர், கூப்பிடவில்லை. படகில் ஏறி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, எதிரில் இடம் விட்டார்.

"கொடுவா கெடைக்கிற பக்கமா போலாம்" என்றேன்.

"குந்து" என்றார்.